பனிச்சறுக்குப் பலகையும் ஸ்ப்ரெட்ஷீட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "பாட்டு கேட்கிறோம், மெயில் அனுப்புகிறோம், லெட்டர் டைப் செய்கிறோம். இந்த ஸ்ப்ரெட்ஷீட் எதற்கு? மளிகைக் கணக்கு எழுத ஒரு நோட்டு போதாதா?"

மளிகைக் கணக்கிற்கு நோட்டு போதும். ஆனால் "இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் நோட்டு பதில் சொல்லாது. மொத்தக் கணக்கையும் நாம்தான் மீண்டும் போட வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா விடைகளும் உடனே மாறிவிடும். அதன் உண்மையான பயன் இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கே தேவைப்பட்ட ஒரு கேள்வியை இந்த மாதம் எடுத்துக் கொள்வோம். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். எங்கள் டீமில் இருவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் நான் அங்கே சில வாரங்கள் செல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் தன்னுடைய 'ரிவர்ஸ் கேம்பர்' பனிச்சறுக்குப் பலகைகளை எனக்கு இரவல் தருவதாகச் சொன்னார். புதுப் பனியில் அதற்கு இணையே இல்லை என்பது அவர் கட்சி. மற்றவரோ, முதன்முதலில் சறுக்கப் போகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம் என்றார். இருவரும் சிறு வயது முதல் மலையில் சறுக்குபவர்கள். ஒரே பலகைக்கு ஏன் இரண்டு தீர்ப்பு? நான் பனியைத் தொட்டது கூட இல்லை. எனவே ஒரு ஷீட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். நீங்களும் என்னுடன் சேர்ந்து செய்து பாருங்கள்.

எக்ஸெல் இருந்தால் அதைத் திறக்கவும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். ஏ, பி, சி, டி என இங்கே தமிழில் அச்சாகியுள்ள செல் பெயர்களை மட்டும் கீபோர்டில் ஆங்கில எழுத்துகளாக டைப் செய்ய வேண்டும்.

கேம்பர் என்றால் என்ன?

வழக்கமான ஸ்கீ பலகையைத் தரையில் வைத்தால் அதன் நடுப்பகுதி லேசாக மேலே தூக்கி நிற்கும். முன்னும் பின்னும் முனைகளுக்கு அருகில்தான் தரையைத் தொடும். இந்த வளைவின் பெயர் கேம்பர். ஆள் ஏறி நின்றதும் அது அமுங்கித் தட்டையாகி, எடையைப் பலகையின் நீளம் முழுவதும் பரப்பும்.

ரிவர்ஸ் கேம்பர் இதற்கு நேர் எதிர். நடுப்பகுதி தரையைத் தொடும், இரு முனைகளும் மேலே எழும்பி நிற்கும். ஆடும் நாற்காலியின் அடியில் உள்ள வளைந்த கட்டையை நினைத்துக் கொள்ளுங்கள். இதனை ராக்கர் என்றும் அழைக்கின்றனர்.

இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியவர் ஷேன் மெக்கான்கி என்ற பனிச்சறுக்கு வீரர். ஆழமான புதுப் பனி என்பது தரை போன்றதல்ல, தண்ணீர் போன்றது என்று அவர் நினைத்தார். தண்ணீரில் சறுக்கும் பலகைகளில் ஸ்கீ பூட்டுகளைப் பொருத்தி, 2001ல் அலாஸ்கா மலைகளில் சறுக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு, 2002ல், வோலான்ட் நிறுவனம் அவருடைய யோசனைப்படி ஸ்பாட்டுலா என்ற பலகையைக் கொண்டு வந்தது. முனைகள் மேலே வளைந்தும், நடுப்பகுதி முனைகளை விட அகலமாகவும் இருந்தது அந்தப் பலகை. மற்றப் பலகைகளில் நடுப்பகுதிதான் ஒடுக்கமாக இருக்கும்.

முதல் ஷீட்: எவ்வளவு அழுத்தம்?

பனியில் நடந்தால் கால் புதைகிறது, பலகையில் நின்றால் அவ்வளவு புதைவதில்லை. காரணம் அழுத்தம். அதைக் கணக்கிடுவோம்.

1. பி1 செல்லில் 'ஷூ', சி1ல் 'ஒடுக்கப் பலகை', டி1ல் 'அகலப் பலகை' என டைப் செய்யவும்.

2. இரண்டாவது வரிசை எடை. பி2, சி2, டி2 மூன்றிலும் 80 என அமைக்கவும். இது உடை, கருவிகளோடு ஓர் ஆளின் எடை, கிலோவில்.

3. மூன்றாவது வரிசை நீளம், சென்டிமீட்டரில். 30, 180, 180 எனக் கொடுக்கவும்.

4. நான்காவது வரிசை சராசரி அகலம். 10, 8, 12 எனக் கொடுக்கவும்.

5. பி5 செல்லில் கிளிக் செய்து =பி2*1000/(2*பி3*பி4) என டைப் செய்து எண்டர் தட்டவும். எடையைக் கிராமுக்கு மாற்றி, இரண்டு கால்களின் பரப்பால் வகுக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது பி5 செல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்திற்கு மவுஸ் கர்சரைக் கொண்டு செல்லவும். கர்சர் கூட்டல் குறி போல மாறும். அழுத்தியபடியே டி5 வரை இழுத்து விடவும். பார்முலா தானாகவே மற்ற இரண்டு செல்களுக்கும் ஏற்றபடி மாறிக் கொள்ளும்.

விடைகள்: ஷூவுக்கு 133.3, ஒடுக்கப் பலகைக்கு 27.8, அகலப் பலகைக்கு 18.5. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இத்தனை கிராம் அழுத்தம் விழுகிறது. ஒடுக்கப் பலகையோடு ஒப்பிட்டால் அகலப் பலகையின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இது ஏன் முக்கியம்? பனி எல்லாம் ஒன்றல்ல. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ. அதே அளவு உலர்ந்த புதுப் பனி 50 முதல் 100 கிலோதான் இருக்கும். மீதி எல்லாம் காற்று. இயந்திரம் ஓட்டி இறுக்கிய சறுக்குப் பாதையின் பனி சுமார் 500 கிலோ. முழு ஐஸ் 917 கிலோ. புதுப் பனியில் அழுத்தம் குறைந்தால் புதைவதும் குறையும். ஐஸில் எப்படியும் புதையப் போவதில்லை. எனவே அங்கே அகலத்தால் லாபம் இல்லை.

இரண்டாவது ஷீட்: எவ்வளவு நீளம் தொடும்?

கீழே ஷீட்டின் பெயருக்கு அருகில் உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்தால் புதிய ஷீட் கிடைக்கும். இனி மூன்று பலகைகளை ஒப்பிடுவோம். மூன்றுக்கும் நீளம் 180 சென்டிமீட்டர். மூன்றிலும் முனை 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். வித்தியாசம், ஆள் ஏறி நின்ற பின் நடுவில் எவ்வளவு நீளம் தட்டையாக இருக்கிறது என்பதில்தான்.

1. பி1, சி1, டி1 செல்களில் 'வழக்கமானது', 'ரிவர்ஸ் கேம்பர்', 'கலப்பு' என டைப் செய்யவும். கலப்பு என்பது நடுவில் கேம்பரும் இரு முனைகளில் ராக்கரும் கொண்ட பலகை.

2. பி2, சி2, டி2 செல்களில் தட்டை நீளமாக 150, 0, 100 எனக் கொடுக்கவும்.

3. ஏ3 முதல் ஏ6 வரை 0.2, 1, 3, 5 எனக் கொடுக்கவும். இவை பலகை பனியில் இறங்கும் ஆழம். 0.2 என்பது ஐஸ். 1 என்பது இறுக்கிய பாதை. 3 என்பது மிதிபட்ட மென்பனி. 5 என்பது புதுப் பனி. இந்த ஆழங்களும் தட்டை நீளங்களும் நான் ஒப்பிடுவதற்காக எடுத்துக் கொண்ட எண்களே.

4. பி3 செல்லில் =பி$2+(180-பி$2)*($ஏ3/5)^0.5 என டைப் செய்து எண்டர் தட்டவும்.

பார்முலாவைக் கண்டு பயப்பட வேண்டாம். முனையை நோக்கிய வளைவு, பள்ளியில் படித்த பரவளையம் போல எழும்புவதாகக் கொண்டால், தொடும் நீளம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ^0.5 என்பது வர்க்கமூலத்தைக் குறிக்கிறது. ஷிப்ட் கீயுடன் 6ஐ அழுத்தினால் அந்தக் குறி கிடைக்கும். டாலர் குறி ஒரு பூட்டு. பி$2 என்றால் பார்முலாவை எங்கே இழுத்தாலும் இரண்டாவது வரிசை மாறாது. $ஏ3 என்றால் ஏ நெடுவரிசை மாறாது.

பி3ஐ டி3 வரை இழுக்கவும். பிறகு மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஆறாவது வரிசை வரை கீழே இழுக்கவும். தசம எண்கள் நீண்டால் ஓர் இலக்கமாகக் குறைத்துக் கொள்ளலாம். கிடைக்கும் நீளங்கள், சென்டிமீட்டரில்:

ஐஸ்: வழக்கமானது 156, ரிவர்ஸ் கேம்பர் 36, கலப்பு 116.
இறுக்கிய பாதை: 163.4, 80.5, 135.8.
மிதிபட்ட மென்பனி: 173.2, 139.4, 162.
புதுப் பனி: மூன்றும் 180.

பி3 முதல் டி6 வரை தேர்ந்தெடுத்து, இன்செர்ட் சென்று லைன் சார்ட் ஒன்றை அமைத்துப் பாருங்கள். வழக்கமான பலகையின் கோடு ஏறக்குறைய படுத்திருக்கும். ரிவர்ஸ் கேம்பரின் கோடு அடியிலிருந்து மேலே ஏறும். அதாவது இந்தப் பலகை பனிக்கு ஏற்பத் தன் நீளத்தையே மாற்றிக் கொள்கிறது.

பனிக்குப் பனி

ஐஸ்: இங்கே பிடிமானம் தருவது பலகையின் ஓரத்தில் உள்ள எஃகு விளிம்பு ஒன்றுதான். 36 சென்டிமீட்டர் மட்டுமே தொடும்போது பலகை பம்பரம் போலத் திரும்பப் பார்க்கும். அகலமான பலகை என்றால் விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து தள்ளி இருக்கும். அதைச் சாய்த்து ஊன்றி நிற்கக் காலுக்கு அதிக பலம் தேவை.

இறுக்கிய பாதை: திருப்புவது எளிது. ஆனால் வேகம் கூடினால் தொடாத முனைகள் படபடவென அடித்து அதிரும். விளிம்பால் கீறி வளைந்து செல்லும் சுகம் கிடைக்காது. கற்றுக் கொள்பவர்கள் முதலில் நிற்பது இத்தகைய பாதையில்தான். என் கேள்விக்கு இந்த வரிசையிலேயே பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பலகைகளை நன்றியுடன் மறுத்துவிட்டு, கற்பவர்களுக்கான பலகையை வாடகைக்கு எடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

ஈரமான கனத்த பனி, மிதிபட்ட பனி: முனைகள் மேலே இருப்பதால் குவியல்களில் சிக்காமல் ஏறிச் செல்லும். பாலின் மேல் ஏடு போல மேலே மட்டும் இறுகிய பனியிலும் இது உதவும். வழக்கமான பலகையின் முனை ஏட்டின் அடியில் நுழைந்து மாட்டிக் கொள்ளக்கூடும்.

புதுப் பனி: இங்கே ஷீட் மூன்று பலகைகளுக்கும் ஒரே விடை தருகிறது. ஆனால் சறுக்குபவர்களோ பெரிய வித்தியாசம் இருப்பதாகச் சொல்கிறார்கள். இப்படி ஒரு முரண்பாடு வந்தால், நாம் கொடுக்க வேண்டிய ஏதோ ஒன்றைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். விடுபட்டது திசை. நம் ஷீட்டில் வழக்கமான பலகையின் முன்பாதியில் கடைசி 15 சென்டிமீட்டர் மட்டுமே மேலே பார்க்கிறது. மற்ற 75 சென்டிமீட்டர் நேராகப் பனிக்குள் செல்கிறது. முனை மூழ்காமல் இருக்க ஆள் பின்னால் சாய வேண்டும், தொடை வலிக்கும். ரிவர்ஸ் கேம்பரில் முன்பாதி 90 சென்டிமீட்டரும் மேல் நோக்கியே எழும்புகிறது. படகின் முன்பகுதி தண்ணீரில் எழும்புவது போலப் பலகை மேலே வந்துவிடும். மெக்கான்கி தண்ணீர்ப் பலகையிலிருந்து பெற்ற பாடம் இதுதான்.

கலப்புப் பலகைகள் கடைகளில் நிறைய இருப்பதற்கும் நம் ஷீட்டிலேயே காரணம் தெரிகிறது. எந்த வரிசையிலும் அவை மிக மோசமாக இல்லை.

ஷீட்டில் இல்லாத நெடுவரிசை

உண்மையான பலகை வளையும், முறுக்கும். நம் கணக்கில் அது விறைப்பாக நிற்கிறது. வேகமும் சரிவும் நாம் சேர்க்காதவை. இவற்றை விட முக்கியமானது ஒன்று உண்டு. ஆழமான புதுப் பனி பெரும்பாலும் பராமரிக்கப்படும் பாதைக்கு வெளியே இருக்கிறது. அங்கே பனிச்சரிவு ஆபத்து உண்டு. அடுக்காகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் நிகழ்கின்றன. சறுக்க ஆசையூட்டும் சரிவுகளும் அவையே. பலகை எளிதாக மிதப்பதால் சரிவு பாதுகாப்பானதாகி விடாது. ஐரோப்பாவில் 1993 முதல் 1லிருந்து 5 வரையிலான ஒரே அபாய அளவுகோல் உள்ளது. இன்ஸ்ப்ருக் இருக்கும் டிரோல் பகுதி, அண்டையில் உள்ள தென் டிரோல், டிரெண்டினோ ஆகியவற்றுடன் சேர்ந்து 2018 முதல் குளிர்காலத்தில் பனிச்சரிவு அறிக்கையை இணையத்தில் வெளியிடுகிறது. பாதையை விட்டு வெளியே செல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த அறிக்கையை. பலகை அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஷீட்டுக்கும் இது பொருந்தும். வண்டிக் கடன் வட்டியோ, மாத மின் கட்டணமோ, எதைக் கணக்கிட்டாலும், விடை வந்தவுடன் "இதில் நான் எதைச் சேர்க்கவில்லை?" என்று ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் தப்பாகக் கூட்டாது. ஆனால் நாம் கொடுக்காததை அதனால் கூட்டவும் முடியாது.

பைலை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்து கொள்ளுங்கள். இரண்டாவது ஷீட்டில் சி2 செல்லில் உள்ள 0ஐ 60 என மாற்றி எண்டர் தட்டிப் பாருங்கள். ஐஸில் 36 ஆக இருந்தது 84 ஆகும். அந்த நெடுவரிசையும் சார்ட்டின் கோடும் தாமாகவே மாறும். பிறகு 20, 40, 80 என விரும்பியபடி கொடுத்துப் பாருங்கள். நோட்டில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டிய கணக்கு, இங்கே ஒரு எண்டர் கீயில் முடிந்துவிடும்.