நேருக்கு நேர்
ஸனேலே முஹோலி (பிறப்பு 1972, உம்லாசி, டர்பன்)
‘முகங்களும் பருவங்களும்’ வரிசை, 2006 முதல். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்

முதலில் கண்களைப் பாருங்கள். படங்களில் இருப்போரில் பெரும்பாலானோர் தென்னாப்பிரிக்கக் கறுப்பின லெஸ்பியன்கள், திருநம்பிகள், பால்புதுமையர். பாலீர்ப்பின் பேரால் பாகுபாடு காட்டுவதை அந்நாட்டின் 1996 அரசமைப்புச் சட்டம் தடைசெய்கிறது. 2006இல் தன்பால் திருமணமும் சட்டமானது. ஆனாலும் கறுப்பினக் குடியிருப்புகளில் ‘திருத்துகிறோம்’ என்று லெஸ்பியன்களை வல்லுறவு செய்வதும் கொல்வதும் தொடர்ந்தன. முஹோலி கேமராவைத் தூக்கியது இதனால்தான். படத்திலிருப்போரை அவர் ‘பங்கேற்பாளர்கள்’ என்றே அழைக்கிறார். சுவரில் இடையிடையே விடப்பட்ட வெற்றிடங்கள் இறந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் உரியவை.

2009இல் ஜோகன்னஸ்பர்க் கண்காட்சி ஒன்றுக்கு வந்த கலை, பண்பாட்டு அமைச்சர், பெண்கள் அணைத்துக்கொண்டிருக்கும் முஹோலியின் படங்களைக் கண்டு வெளியேறினார்; ஒழுக்கக்கேடு என்றார். நடந்த இடமோ கான்ஸ்டிட்யூஷன் ஹில், அரசமைப்பு நீதிமன்றம் இருக்கும் அதே வளாகம்! அவரது எதிர்ப்பால் முஹோலியின் பெயர்தான் மேலும் பரவியது.

2012இல் முஹோலியின் கேப் டவுன் வீட்டில் திருடர்கள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளைக் கொண்டுபோனார்கள். பல ஆண்டுப் பதிவுகள் போயின. முஹோலி மறுபடி படமெடுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே படமெடுக்கப்பட்ட சிலர், ஆண்டுகள் கழித்து மீண்டும் கேமராமுன் வந்து நின்றிருக்கிறார்கள்.