கார் ஆடியோ மின் இணைப்பு: பியூஸ் இருந்தும் கம்பி கருகுவது ஏன்?

மும்பை: சயானில் தொடங்கி பாண்டுப் வழியாகத் தானே வரை நீளும் லால் பகதூர் சாஸ்திரி சாலையின் மாலை நேர நெரிசலில், கண்ணாடிகள் அதிர இசை முழங்கும் கார்களைக் காண்பது அரிதன்று. வாங்கியபோதே இருந்த ஒலி அமைப்பில் நிறைவடையாதவர்கள் ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் ஆகியவற்றைத் தனியே வாங்கிப் பொருத்துகின்றனர். ஸ்பீக்கரைப் பற்றி அரை நாள் விசாரிக்கும் வாடிக்கையாளர், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி எவ்வாறு இணைக்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, கேரள மாநிலம் கண்ணூரில் மாவட்ட மருத்துவமனைக்கு அருகே ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பற்றியதில், பிரசவத்துக்காக அழைத்துச் செல்லப்பட்ட கர்ப்பிணியும் அவரது கணவரும் உயிரிழந்தனர். பின்னிருக்கையில் இருந்தவர்கள் தப்பினர். ஷார்ட் சர்க்யூட் காரணமாக இருக்கலாம் என முதற்கட்ட ஆய்வுக்குப் பின் மோட்டார் வாகனத் துறை அதிகாரிகள் தெரிவித்தனர். அவ்விபத்துக்கு ஒலி அமைப்பே காரணம் எனக் கூற இயலாது. எனினும், காரில் பின்னர் சேர்க்கப்படும் மின்சாதனங்களின் வயரிங் எந்த நிலையில் உள்ளது என்ற கேள்வியை அது பலரிடமும் எழுப்பியது.

12 வோல்ட் தரும் ஏமாற்றம்

கார் பேட்டரியின் 12 வோல்ட்டைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அதனாலேயே அதை ஆபத்தற்றது என எண்ணுகிறோம். ஆனால் வோல்ட் குறைந்தால், அதே வாட்டைப் பெற ஆம்பியர் கூட வேண்டும். 500 வாட் வெளியிடும் ஆம்ப்ளிஃபையர் 80 சதவீதத் திறனுடன் இயங்குவதாகக் கொண்டால், அது பேட்டரியிலிருந்து 625 வாட் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் சுமார் 13.8 வோல்ட்டில் இது 45 ஆம்பியர் ஆகும். வீட்டில் கீசருக்குப் பயன்படும் பெரிய பிளக் பாயிண்ட்டின் வரம்பு 16 ஆம்பியர்தான். அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு மின்னோட்டம், இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஒற்றைக் கம்பியில் பாய்கிறது.

இணைப்பு தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் மின்தடை உருவாகிறது. அது வெறும் 0.05 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 40 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 80 வாட் வெப்பம் பிறக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஈயம் உருக்கப் பயன்படும் சாதாரண சால்டரிங் அயனின் திறன் 25 வாட். அவ்வாறான மூன்று அயன்களைக் கம்பளத்துக்கு அடியில் சொருகி வைத்ததற்கு இது ஒப்பாகும்.

இதை பியூஸ் தடுக்காது என்பதுதான் பலரும் அறியாத செய்தி. பியூஸ் உருகுவது, அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது மட்டுமே. தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. ஆகவே 60 ஆம்பியர் பியூஸ் எவ்விதப் பாதிப்புமின்றி இருக்க, அருகில் உள்ள கம்பியின் பிளாஸ்டிக் உறை கருகிக்கொண்டிருக்கும்.

அப்படியெனில் பியூஸ் எதற்கு? கம்பியின் உறை கிழிந்து காரின் இரும்பு உடலைத் தொட்டால், பேட்டரி சில நூறு ஆம்பியரைக் கொட்டிவிடும். அந்நிலையில் கம்பியைக் காப்பதே அதன் பணி. எனவே பேட்டரியிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் அதைப் பொருத்த வேண்டும். ஆம்ப்ளிஃபையர் அருகே வைத்தால், இடையில் உள்ள முழுக் கம்பிக்கும் பாதுகாப்பு இல்லை. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், தகட்டின் விளிம்பே நாளடைவில் உறையை அறுத்துவிடும்.

முறுக்கி டேப் சுற்றுவது

இரு கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கம் இன்னும் மறையவில்லை. வெயிலில் நிற்கும் காரினுள் டேப்பின் பசை இளகிப் பிரிகிறது. அடுத்து பருவமழை. பாண்டுப்பின் கிழக்கே உப்பளங்களும் தானே கழிமுகமும் உள்ளன. உப்பு கலந்த ஈரக்காற்றில் திறந்த செம்பு விரைவில் நிறம் மாறிப் பச்சை படியும்; படிந்த இடத்தில் மின்தடை உயரும்.

கம்பியின் தடிமனுக்கு ஏற்ற செம்பு லக்கைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதே நிலையான முறை. கட்டிங் பிளேயரால் நசுக்குவது அதற்கு ஈடாகாது. முடித்தபின் கையால் பலமாக இழுத்துப் பார்க்கலாம். கழன்று வந்தால் அது இணைப்பே அன்று. ஈயம் வைத்துப் பற்றவைப்பது உறுதியானது எனத் தோன்றினாலும், ஈயம் ஊறிய இழைகள் விறைத்து, அதிர்வில் அவ்விளிம்பிலேயே முறியக்கூடும்.

கம்பியிலும் ஏமாற வாய்ப்புண்டு. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது. அதன் கடத்துதிறன் தூய செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு மட்டுமே. ஓர் இழையைப் பிளேடால் ஆழச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். 45 ஆம்பியருக்கு, காரின் பின்பகுதி வரை செல்ல, சுமார் 21 சதுர மில்லிமீட்டர் கொண்ட 4ஆம் எண் செம்புக் கம்பி பொருத்தமானது.

எர்த் கம்பியும் அதே தடிமனில், இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும். அது அமரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குக் கழற்றக் கூடாது. வேலை தொடங்கும்முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவது முறை. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் காரின் உடலில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும்.

பொருத்தியபின் எஞ்சினை ஓடவிட்டு அரை மணி நேரம் உரக்க இசைத்து, பிறகு ஒலியை நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் உறையின் மீது தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஓரிடம் மட்டும் சுட்டால் அங்கே பழுது. இசை ஒலிக்கும்போது பேட்டரி முனையிலும் ஆம்ப்ளிஃபையர் முனையிலும் மல்டிமீட்டர் காட்டும் அளவு அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டாலும் இணைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். சப்வூஃபர் அதிரும்போதெல்லாம் முகப்பு விளக்கு மங்குவதும் கவனிக்கத்தக்க அறிகுறியே.

தனியே பொருத்திய மின்சாதனங்களைக் காப்பீட்டில் சேர்க்க, ஐஎம்டி 24 என்ற ஒப்புதல் இணைப்பு நடைமுறையில் உள்ளது. அதற்குக் கூடுதல் பிரீமியம் உண்டு. விண்ணப்பிக்கும்போது சாதனங்களின் மதிப்பைக் குறிப்பிட வேண்டியிருப்பதால், கடையில் துண்டுச்சீட்டுக்குப் பதிலாக முறையான பில் கேட்டுப் பெறுவது உதவும்.