எண்ணைத் தேடும் பொறி

மாணவர்களே! பாறசாலையிலிருந்து களியக்காவிளை நோக்கிச் செல்லும் சாலையில் கேரள எல்லை வரை லாட்டரிக் கடைகளைக் காணலாம். எல்லையைக் கடந்தால் அவை இல்லை. கேரள அரசு 1967 இல் லாட்டரியைத் தொடங்கியது; தமிழக அரசு 2003 இல் அதனைத் தடை செய்தது. இப்பாடத்தில் நாம் அறியவிருக்கும் பொறியும் ஒருவகையில் லாட்டரிச் சீட்டையே ஒத்தது. ஆனால் சீட்டுக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். இப்பொறிக்கோ அது ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் மின்சாரமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிட்காயின் என்னும் மறையீட்டு நாணயத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 2009 ஆம் ஆண்டு சனவரி 3 ஆம் நாள் தொடங்கியது. அதற்குத் தாளும் இல்லை, உலோகமும் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்னும் பேரேடு மட்டுமே உண்டு. அப்பேரேடு உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகளில் ஒரே வகையாக எழுதப்படுகிறது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புதிய பக்கம் சேரும். அப்பக்கத்தைச் சேர்க்கும் உரிமை யாருக்கு என்பதை ஒரு போட்டியே முடிவு செய்கிறது.

அப்போட்டி இவ்வாறு நடைபெறும். எந்த எழுத்துத் தொகுதியையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தினால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். மனிதருக்குக் கைரேகை போன்றது அவ்வெண். ஓர் எழுத்தை மாற்றினால் கைரேகை முழுவதும் மாறிவிடும். பக்கத்தின் இறுதியில் ஏதேனும் ஓர் எண்ணைச் சேர்த்து, கைரேகையின் தொடக்கத்தில் பல சுழியங்கள் வருமாறு செய்ய வேண்டும். எந்த எண்ணைச் சேர்த்தால் அவ்வாறு வரும் என்பதை முன்கூட்டி அறிய வழி இல்லை. பெரிய சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் பூட்டைத் திறப்பவரைப் போல ஒவ்வொன்றாக முயன்றே பார்க்க வேண்டும். முதலில் கண்டவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகக் கிடைக்கும். 2009 இல் அப்பரிசு 50 நாணயம். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகும். 2024 ஏப்ரல் முதல் அது 3.125 ஆக உள்ளது.

இதனை ஆங்கிலத்தில் சுரங்கம் தோண்டுதல் என்னும் பொருளில் ‘மைனிங்’ என்பர். மண்வெட்டியும் இல்லை, மண்ணும் இல்லை. ‘எண் தேடல்’ என்பதே பொருத்தமான பெயர் என்பது என் கருத்து. எனினும் வழக்கில் நிலைபெற்ற சொல்லை நாம் ஒருவராக மாற்ற இயலாது.

தொடக்கத்தில் வீட்டுக் கணினியே இவ்வேலைக்குப் போதுமானதாக இருந்தது. பின்னர் விளையாட்டுக்குப் பயன்படும் வரைகலை அட்டைகள் வந்தன. 2013 முதல் இவ்வொரு வேலையை மட்டுமே செய்யும் சில்லுகள் கடைக்கு வந்தன. போட்டியாளர் பெருகினால் எண்ணைக் காண்பதும் கடினமாகும். 2016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வலையமைப்பு தானே கடினத்தை மாற்றியமைத்துக்கொள்ளும். ஆதலால் நன்றாக ஓடும் பொறியும் சில ஆண்டுகளில் பயனற்றதாகிறது. அது பழுதாவதில்லை, தோற்றுப்போகிறது. அவ்வாறு தோற்ற பொறிகளே பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. 2021 இல் சீன அரசு இத்தொழிலை ஒடுக்கியபோதும், 2022 செப்டம்பரில் எதிரியம் என்னும் மற்றொரு நாணயம் இம்முறையையே கைவிட்டபோதும் பழைய பொறிகளும் அட்டைகளும் சந்தையில் குவிந்தன.

மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா? கணக்குப் பார்ப்போம். ஆன்ட்மைனர் எஸ்9 என்பது 2016 இல் வெளிவந்த புகழ்பெற்ற பொறி. அது வினாடிக்கு ஏறத்தாழப் பதின்மூன்றரை இலட்சம் கோடி முறை முயலும். கேட்கும்போது வியப்பாக உள்ளது அல்லவா? ஆனால் உலகப் பொறிகள் அனைத்தின் வேகம் 2024 இல் இதைப் போல மூன்றரைக் கோடி மடங்குக்கும் மேலாயிற்று. அவ்வேகத்திலேயே நின்றாலும், ஒற்றைப் பொறியை வைத்திருப்பவர் ஒருமுறை வெல்லச் சராசரியாக எழுநூறு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே பலர் ஒரு குழுவாகச் சேர்ந்து பரிசைப் பங்கிட்டுக்கொள்வர். ஒரு பிட்காயின் விலை 50 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், குழுவில் சேர்ந்த எஸ்9 பொறியின் பங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 ரூபாய்.

செலவு எவ்வளவு? அது 1300 வாட் அளவில் மின்சாரம் பயன்படுத்தும். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 31.2 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கொண்டால் 218 ரூபாய். அறுபது ரூபாய் பெற இருநூற்றுப் பதினெட்டு ரூபாய் கொடுக்கிறோம்!

எல்லையில் வாழும் உங்களுக்கு இரு மாநில மின்கட்டணமும் தெரியும். களியக்காவிளையில் உள்ள தாத்தா வீட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இப்பொறி அதனை நான்காம் நாளிலேயே தீர்த்துவிடும். நெய்யாற்றின்கரையில் நீங்கள் குடியிருக்கும் வீட்டில் மாதம் 250 யூனிட்டைக் கடந்தால், முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் கணக்கிடப்படும். மற்றப் பொருள்கள் ஒன்றும் ஓடாவிட்டாலும் எட்டு நாளில் இப்பொறி அவ்வெல்லையை எட்டிவிடும். வாடகை வீட்டில் மின்கட்டணம் பற்றி வீட்டு உரிமையாளரிடம் அப்பா என்ன விடை சொல்வார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பூட்டான் நாடு தன் நீர்மின்சாரத்தைக் கொண்டு இத்தொழிலைச் செய்கிறது. ஆற்றையே சொந்தமாகக் கொண்டவர்க்கு அது இயலும்.

வருமான வரியும் உண்டு. இத்தகைய நாணயத்தை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. மின்கட்டணத்தை அதில் கழிக்க இயலாது.

வருவாய்க்காக அன்றி, அறிந்துகொள்ளும் ஆர்வத்துக்காக ஒரு பொறியைத் தொட்டுப் பார்க்க விரும்புவோர் சிறியதிலிருந்து தொடங்குவது நன்று. 2013 இல் வந்த ‘பிளாக் எரப்டர்’ கட்டை விரல் அளவே இருக்கும். கணினியின் யூஎஸ்பி துளையில் செருகினால் இரண்டரை வாட்டில் ஓடும். அதனால் ஒரு காசும் வாராது. ஆயினும் திரையில் முயற்சிகளின் எண்ணிக்கை ஏறுவதைக் காணும்போது இப்பாடத்தின் முதற்பகுதி நன்கு விளங்கும். சூடாகும், விரலால் தொடாதீர்கள்.

பெரிய பொறியைப் பெரியவர் எவரேனும் வாங்கினால் நீங்கள் உடன் நின்று கவனிக்கலாம். எஸ்9 பொறியில் மூன்று பலகைகளும், பலகைக்கு 63 சில்லுகளும் உண்டு. விற்பவர் முன்னிலையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மொத்தம் 189 சில்லுகளும் திரையில் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். மின்இணைப்பு முனைகளில் கருகிய தடம் உள்ளதா? கடற்காற்றுப் பட்டுத் துரு ஏறியுள்ளதா? முன்னவர் நிறுவிய மென்பொருளை அழித்து, உற்பத்தியாளரின் மென்பொருளைப் புதிதாக நிறுவுவதும் கட்டாயம். இல்லையெனில் உங்கள் மின்சாரத்தில் வேறொருவர் கணக்கு நிறையக்கூடும்.

இங்கு உயிருக்கே கேடு தருவது மின்கம்பி. 1300 வாட் பொறி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 5.7 ஆம்பியர் இழுக்கும். செல்பேசிக்கு மின்னேற்றும் 6 ஆம்பியர் துளை அதனை இரவும் பகலும் தாங்காது. நீட்டிப்புக் கம்பியும் தாங்காது. தனிக் கம்பி இழுத்த 16 ஆம்பியர் துளை வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரே அதனை அமைக்க வேண்டும். மிக்சி ஓடுவது போன்ற ஓசை ஓயாது வரும் என்பதால் படுக்கையறைக்கு இது ஆகாது.

பொறியே காட்டாமல் “பணம் கட்டுங்கள், பங்கு தருகிறோம்” என்று செல்பேசியில் அழைப்போரிடம் கேட்பதற்கு ஒரு வினாவும் வேண்டியதில்லை. அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

தோற்ற பொறி இறுதியில் எங்குச் செல்லும்? இங்கு ஆக்கிரிக்கடை என்றும் சென்னையில் காயலான்கடை என்றும் அழைக்கப்படும் கடைக்கு. உங்களுள் சிலர் இல்லங்களில் அத்தொழிலே சோறு போடுகிறது. அலுமினிய வெப்பத்தகடுகளுக்கு நல்ல விலை உண்டு. மின்விசிறிகளைச் சமையலறைப் புகைபோக்கிக்குப் பயன்படுத்தலாம். 12 வோல்ட் மின்வழங்கியைக் கொண்டு எல்இடி விளக்குகளை எரிக்கலாம். ஆனால் செம்புக்காகக் கம்பிகளை எரிப்பதும், சில்லுப் பலகைகளை அமிலத்தில் இடுவதும் நுரையீரலையும் கிணற்றுநீரையும் கெடுக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அப்பலகைகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டைப் பார்த்து இரண்டு மாதப் பயன்பாட்டை எழுதுக. எஸ்9 பொறி அவ்வளவு மின்சாரத்தை எத்தனை நாளில் பயன்படுத்தும்?
2. ‘மைனிங்’ என்பதற்கு நீங்கள் ஒரு தமிழ்ச் சொல் அமைத்து, அதற்கான காரணத்தை மூன்று தொடர்களில் எழுதுக.
3. உங்கள் மாமா பழைய பொறி ஒன்றை வாங்க எண்ணுகிறார். அவரிடம் பணிவுடன் கேட்கத்தக்க நான்கு வினாக்களை எழுதுக.