பெற்றோர் ஆதரவுக்கான சமூக மானியங்கள் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

குழந்தைகள் துன்புறுத்தப்படுவதற்கும் புறக்கணிக்கப்படுவதற்கும் முன்பாகவே அவர்களுடைய குடும்பங்களுக்கு உதவும் உள்ளூர்த் திட்டங்களுக்காக, அமெரிக்கக் கூட்டரசு மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு நிதியுதவி அளிக்கிறது. இது சமூக அடிப்படையிலான குழந்தை வன்கொடுமைத் தடுப்பு மானியம் எனப்படுகிறது. குழந்தை வன்கொடுமைத் தடுப்பு மற்றும் சிகிச்சைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இதற்கு அடிப்படை. தொகை பெரியதன்று. ஆயினும் புகார், விசாரணை, நீதிமன்றம் என எதுவும் தொடங்காத நிலையில் ஒரு சாதாரணத் தாயோ தந்தையோ பயன்பெறக்கூடிய மிகச் சில கூட்டரசு நிதிகளில் இதுவும் ஒன்று.

பின்னணி

அமெரிக்காவில் குழந்தைகள் அடிக்கப்படுவது ஒரு மருத்துவச் சிக்கலாகப் பேசப்பட்டது 1962இல்தான். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய உடன்பணியாளர்களும் அவ்வாண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 71 மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய 302 நேர்வுகளில் 33 குழந்தைகள் இறந்திருந்தனர். 85 பேருக்கு மூளையில் நிலையான பாதிப்பு ஏற்பட்டிருந்தது. தவறி விழுந்ததாகப் பெற்றோர் சொன்ன எலும்பு முறிவுகள் பலவும் அடியால் வந்தவை என்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டின. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் இத்தகைய காயங்களைப் புகார் செய்வதற்கான சட்டங்களை இயற்றிவிட்டன.

அதே பத்தாண்டின் இறுதியில் கலிபோர்னியாவில் வேறொரு முயற்சி பிறந்தது. தன் குழந்தையைத் தானே துன்புறுத்துவதை உணர்ந்து உதவி தேடி அலைந்த ஒரு தாய், 1969இல் ஒரு சமூகப் பணியாளரின் துணையுடன், தன்னைப் போன்ற பெற்றோர் கூடிப் பேசும் குழுவைத் தொடங்கினார். அவர் பொதுவெளியில் ஜாலி கே. என்ற பெயரால் மட்டுமே அறியப்பட்டார். அக்குழுவே பின்னர் பேரண்ட்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது. தண்டிப்பதற்கு முன் பெற்றோருக்கு ஓர் ஆதரவு வேண்டும் என்ற எண்ணம் இந்தத் துறையில் வேர்விட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1974 சட்டமும் பேசாமல் விடப்பட்ட வறுமையும்

இன்றைய மானியங்களின் தன்மையைப் புரிந்துகொள்ள 1971இல் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அவ்வாண்டு மினசோட்டா மாநிலச் செனட்டர் வால்டர் மோண்டேல் முன்னின்று கொண்டுவந்த விரிவான குழந்தை வளர்ச்சி மசோதா காங்கிரசின் இரு அவைகளிலும் நிறைவேறியது. குழந்தைகள் காப்பகம், ஊட்டச்சத்து, மருத்துவம் ஆகியவற்றை நாடெங்கும் வழங்குவது அதன் நோக்கம். குழந்தை வளர்ப்பைக் குடும்பத்திடமிருந்து பறித்துக் கூட்டுமுறைக்கு மாற்றிவிடும் என்ற காரணத்தைச் சொல்லி, குடியரசுத் தலைவர் நிக்சன் டிசம்பர் மாதத்தில் அதைத் தமது மறுப்பதிகாரத்தால் தடுத்துவிட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மோண்டேல் குழந்தை வன்கொடுமை பற்றிய மசோதாவைக் கையில் எடுத்தபோது எச்சரிக்கையாக நடந்துகொண்டார். இது ஏழைகளின் சிக்கல், ஆகவே வறுமை ஒழிப்பே மருந்து என்று பேசினால் மீண்டும் மறுப்பதிகாரம் பாயும். எனவே இது எல்லா வகுப்பினரையும் தாக்கும் நாடு தழுவிய சிக்கல் என்று அவர் வலியுறுத்தினார். செனட் விசாரணையில் ஜாலி கே. வந்து சாட்சியம் அளித்ததும் அந்த வாதத்துக்கு உதவியது. அரசியல் அறிஞர் பார்பரா நெல்சன் இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1974 ஜனவரி 31 அன்று நிக்சன் இச்சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டம் கிடைத்தது. ஆனால் அதற்குத் தரப்பட்ட விலையும் சிறிதன்று. கட்டாயப் புகார், விசாரணை ஆகியவற்றுக்கான ஏற்பாடுகளைச் செய்யும் மாநிலங்களுக்கே இச்சட்டம் மானியம் அளித்தது. அதனால் புகார் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 1976இல் ஏழு லட்சத்துக்கும் குறைவான குழந்தைகளைப் பற்றியே புகார்கள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் அது 25 லட்சத்தைத் தாண்டியது. புகார் வந்த குடும்பத்துக்கு என்ன உதவி கொடுப்பது என்பதற்கான பணம் அந்த வேகத்தில் வளரவில்லை. 1990இல் கூட்டரசின் ஆலோசனைக் குழுவே இதை ஒரு தேசிய அவசரநிலை என்று அறிவித்தது.

திருமண உரிமக் கட்டணத்தில் பிறந்த நிதியம்

கெம்ப்புடன் இணைந்து பணியாற்றிய மற்றொரு குழந்தை மருத்துவர் ரே ஹெல்ஃபர். ஒவ்வொரு மாநிலமும் குழந்தைகளுக்கென ஒரு தனி அறநிதியம் வைத்திருக்க வேண்டும், அதன் பணம் தடுப்புப் பணிக்கு மட்டுமே செலவாக வேண்டும் என்பது அவருடைய யோசனை. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் கையேந்தும் நிலை இருந்தால், முதலில் வெட்டப்படுவது தடுப்புப் பணிதான் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். நடக்காமல் போன துன்பத்தை யாரும் படம் எடுத்துக் காட்ட முடியாதல்லவா?

1980இல் கான்சஸ் மாநிலம் இத்தகைய நிதியத்தை முதன்முதலாகச் சட்டமாக்கியது. திருமண உரிமம் பெறும் கட்டணத்துடன் ஒரு சிறு தொகையைக் கூடுதலாக வாங்கி அதை நிதியத்தில் சேர்த்தார்கள். புதிதாகக் குடும்பம் தொடங்குவோரிடமிருந்து, குடும்பங்களைக் காப்பதற்காக வாங்கும் பணம் என்பதால் எதிர்ப்பு அதிகம் எழவில்லை. பிற மாநிலங்கள் பிறப்புச் சான்றிதழ் நகல் கட்டணம், வருமான வரிப் படிவத்தில் நன்கொடைக்கான கட்டம், வாகனங்களுக்கான சிறப்பு எண் பலகை எனப் பல வழிகளைக் கண்டுபிடித்தன. கலிபோர்னியாவில் இதயம், கை, நட்சத்திரம், கூட்டல் குறி ஆகியவற்றில் ஒன்று பொறித்த எண் பலகையைக் கூடுதல் கட்டணம் செலுத்தி வாங்கலாம். அந்த வருவாய் குழந்தைகளுக்கான பாதுகாப்புப் பணிகளுக்குச் செல்கிறது.

இம்முயற்சியைக் கண்ட காங்கிரஸ் 1984இல், நிதியம் அமைக்கும் மாநிலங்களுக்கு ஊக்க மானியம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவே 1990களில் பல மாற்றங்களைக் கண்டு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இன்றைய சமூக அடிப்படையிலான மானியமாக நிலைபெற்றது.

மானியம் இயங்கும் முறை

ஒவ்வொரு மாநிலத்திலும் ஆளுநர் ஒரு முதன்மை முகமையை நியமிக்கிறார். பல மாநிலங்களில் மேற்சொன்ன அறநிதியமே அந்த முகமையாக இருக்கிறது. கூட்டரசுப் பணம் அதனிடம் வந்து சேரும். அது விண்ணப்பங்களை வரவேற்று, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள், குடும்ப வள மையங்கள் போன்றவற்றுக்குப் பிரித்தளிக்கிறது.

மொத்த ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் பழங்குடி மக்களுக்கும் இடம்பெயர்ந்து வேலை செய்யும் தொழிலாளர் குடும்பங்களுக்குமான திட்டங்களுக்கு ஒதுக்கப்படும். மாநிலங்களுக்குரிய தொகையில் 70 சதவீதம், 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பகிரப்படுகிறது. மிகச் சிறிய மாநிலத்துக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. மீதமுள்ள 30 சதவீதம், அந்த மாநிலம் தடுப்புப் பணிக்காகத் தானே திரட்டிய தொகையைப் பொறுத்தது. எண் பலகையிலும் திருமணக் கட்டணத்திலும் அதிகம் திரட்டும் மாநிலத்துக்குக் கூட்டரசிடமிருந்தும் அதிகம் கிடைக்கும். இதைத் தவிர, பெறும் மானியத்தில் 20 சதவீதத்துக்குச் சமமான தொகையை மாநிலம் ரொக்கமாகத் தன் பங்காகப் போட வேண்டும்.

சிறு தொகையைக் கொண்டு பெருந்தொகையை வரவழைக்கும் தூண்டில் இது. இதில் ஒரு குறையும் உண்டு: திரட்டும் வலிமை இல்லாத ஏழை மாநிலம் அந்த 30 சதவீதப் போட்டியில் பின்தங்கும். தேவை மிகுந்த இடத்துக்குப் பணம் போய்ச் சேருமா என்பதை இந்தச் சூத்திரம் கேட்பதில்லை.

எந்தப் பணிகளுக்கு இது செலவாகிறது? பெற்றோருக்கான வகுப்புகள், பெற்றோர் கூடிப் பேசும் குழுக்கள், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் பயிற்சி பெற்றவர் சென்று உதவுதல் ஆகியவை முதன்மையானவை. மாற்றுத்திறன் கொண்ட குழந்தையை இரவு பகலாகக் கவனிக்கும் தாய்க்குச் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கும்படி வேறொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும். குடும்பங்கள் தாமே விரும்பி வர வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. திட்டத்தைத் தீட்டும்போதும் மதிப்பிடும்போதும் பெற்றோருக்கு இடம் தர வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஜாலி கே. தொடங்கிய மரபின் தொடர்ச்சியை இங்கே காணலாம்.

பலன் தருவது எது?

இத்துறையில் மிக அதிகம் பேசப்படும் ஆய்வு நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் 1978இல் தொடங்கியது. டேவிட் ஓல்ட்ஸ் தலைமையிலான குழு 400 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பிரிவினரின் வீடுகளுக்குக் கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர் தொடர்ந்து சென்றனர். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அப்பிரிவுத் தாய்மார் மீது உறுதிசெய்யப்பட்ட வன்கொடுமை மற்றும் புறக்கணிப்புப் புகார்கள், எந்த வருகையும் பெறாத பிரிவினரோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாக இருந்தன. ஆனால் குடும்ப வன்முறை கடுமையாக இருந்த வீடுகளில் இந்தப் பலன் காணப்படவில்லை என்று பின்னர் வந்த பகுப்பாய்வு காட்டியது. தாயையே அடிக்கும் வீட்டில் செவிலியரின் அறிவுரை மட்டும் என்ன செய்துவிடும்?

வீடு தேடிச் செல்வதே போதும் என்றும் எண்ணிவிட முடியாது. ஹவாய் மாநிலம் 1985இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் செவிலியருக்குப் பதிலாகக் குறுகிய பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்றனர். அது நாடெங்கும் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. குலுக்கல் முறையில் ஆராய்ந்தபோது வன்கொடுமை குறைந்ததற்கான தெளிவான சான்று கிடைக்கவில்லை.

மறுபுறம், பெற்றோருக்கு எதையும் கற்பிக்காமல் பணத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விஸ்கான்சின் மாநிலம் ஒரு விடை தந்தது. பிரிந்து வாழும் தந்தை செலுத்தும் பராமரிப்புத் தொகையில் ஒரு பகுதியை, தாய் உதவித்தொகை பெறுகிறார் என்ற காரணத்தால் அரசு எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் வழக்கம். 1990களின் இறுதியில் அங்கு நடந்த சோதனையில், ஒரு பிரிவுத் தாய்மாருக்கு முழுத் தொகையும் தரப்பட்டது. அவர்கள் மீது விசாரணைக்கு ஏற்கப்பட்ட புகார் எழும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. கூடுதலாகக் கிடைத்த பணமோ மிகச் சிறியது.

இது வியப்புக்குரியதும் அன்று. அமெரிக்காவில் உறுதிசெய்யப்படும் நேர்வுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புறக்கணிப்பு வகையைச் சேர்ந்தவை. அடித்தல் சார்ந்தவை அதைவிடக் குறைவு. போதிய உணவு இல்லாமை, பார்த்துக்கொள்ள ஆளின்றிக் குழந்தையைத் தனியே விட்டு வேலைக்குப் போதல், தகாத வீட்டுச் சூழல் ஆகியவை இதில் சேரும். இவற்றில் பலவற்றின் பின்னால் வறுமை நிற்கிறது. 1973இல் மோண்டேல் பேசாமல் விட்ட பொருள், புள்ளிவிவரத்தின் வழியே திரும்பி வந்துவிட்டது.

பிரித்தபின் கிடைக்கும் பணம்

குழந்தை வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு குடும்பத்தில் வளர்க்கப்படும் நிலை வளர்ப்புப் பராமரிப்பு எனப்படும். தகுதியுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஆகும் செலவில் குறிப்பிட்ட பங்கைக் கூட்டரசு ஏற்கிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை. 2010களில் இதற்கு ஆண்டுதோறும் 400 கோடி டாலருக்கு மேல் செலவானது. அதே ஆண்டுகளில் சமூகத் தடுப்பு மானியம் ஏறத்தாழ 4 கோடி டாலர் மட்டுமே. நாட்டில் குழந்தைகள் 7 கோடிக்கு மேல் என்பதால், தலைக்கு 55 சென்ட் அளவே வரும். பேருந்துக் கட்டணத்துக்கும் அது போதாது.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சில முயற்சிகள் நடந்துள்ளன. 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வீட்டு வருகைத் திட்டங்களுக்குத் தனி நிதி ஏற்படுத்தியது. நீண்ட காலம் ஆண்டுக்கு 40 கோடி டாலராக இருந்த அது, 2022இல் செய்த திருத்தத்தின்படி 2027க்குள் 80 கோடி வரை உயரலாம். கொரோனா காலத்தில் இயற்றப்பட்ட 2021 மீட்புச் சட்டம் சமூகத் தடுப்பு மானியத்துக்கு ஒரே தவணையாக 25 கோடி டாலர் அளித்தது. பல மாநிலங்கள் அதற்கு முன் அப்படியொரு தொகையைக் கண்டதே இல்லை. ஆனால் அது ஆண்டுதோறும் வரும் பணமன்று. அதைக் கொண்டு நியமித்த பணியாளரின் அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு வேறு வழி தேட வேண்டியதுதான்.

2018இல் வந்த குடும்பம் முதலில் தடுப்புச் சேவைகள் சட்டம், வளர்ப்புப் பராமரிப்புக்கான நிதியின் ஒரு பகுதியை முதன்முறையாகத் தடுப்புக்கும் திறந்துவிட்டது. மனநலச் சிகிச்சை, போதை மீட்பு, பெற்றோர் பயிற்சி ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். அத்திட்டங்கள் சான்றுடன் தரம் பிரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். அத்துடன், குழந்தை வீட்டைவிட்டுப் பிரிக்கப்படும் அபாயத்தில் உள்ளதாக அரசு முடிவு செய்திருக்க வேண்டும். முதல் குழந்தையைப் பெற்று, வாடகைக்கும் பால் மாவுக்கும் திண்டாடி, தூக்கமின்றிப் பொறுமை இழந்து நிற்கும் ஒரு தாயைப் பற்றி இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றால், அவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவருக்கு எஞ்சியிருப்பவை வீட்டு வருகைத் திட்டமும், அருகிலுள்ள குடும்ப வள மையத்தின் கதவைத் திறந்துவைக்கும் அந்தச் சிறிய சமூக மானியமும்தான்.