பெரிய கோப்பை அனுப்பினால் இணையதளம் ஏன் காரணம் சொல்வதில்லை?

விண்ணப்பத்தை நிரப்பி, செல்போனில் எடுத்த 9 எம்பி படத்தை இணைத்து 'சமர்ப்பி' என்று அழுத்துகிறோம். வெகுநேரம் சுற்றிவிட்டு 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்கிறது. படம் பெரிது என்று ஏன் சொல்லவில்லை?

பல நேரம் சொல்லத்தான் செய்கிறது. நம்மிடம் வந்து சேர்வதில்லை. என்ஜின்எக்ஸ் சர்வர், அமைப்பை மாற்றாதவரை, 1 எம்பிக்கு மேல் ஏற்காது. வரப்போகும் தகவலின் அளவு முன்கூட்டியே தெரிவதால், உடனே 413 என்ற மறுப்பு எண்ணை அனுப்பிவிடும். பிரவுசரோ இன்னும் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்குள் சர்வர் இணைப்பை மூடிவிட்டால், அந்தப் பதிலைப் படிக்கவே முடியாமல் போகலாம்.

பிஎச்பி நிரல்மொழியில் எழுதிய தளங்களில் இன்னும் மோசம். அதன் இயல்பான வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. 8-ஐத் தாண்டினால் பெயர், முகவரி உட்பட எல்லாமே காலியாகிவிடும். இதைக் கவனிக்காத நிரல், 'பெயரை நிரப்பவும்' என்று கேட்கும்! அரை மணி நேரம் தட்டச்சு செய்தவரிடம் இப்படிக் கேட்பது அநியாயம்.

எப்படித் தவிர்ப்பது? கோப்பைத் தேர்ந்தெடுத்த கணமே அதன் அளவை ஜாவாஸ்கிரிப்ட்டால் படிக்க முடியும். 'இந்தப் படம் 9 எம்பி, 2 எம்பிக்குள் வேண்டும்' என்று அங்கேயே சொல்லிவிடலாம். படத்தைப் பிரவுசரிலேயே சுருக்கியும் தரலாம். பிரவுசரில் நடக்கும் அளவுச் சோதனையை எளிதில் ஏமாற்றலாம் என்பதால் சர்வரிலும் வரம்பு கட்டாயம் வேண்டும். ஆனால் சர்வரின் வரம்பு, நிரலின் வரம்பைவிடச் சற்றே தளர்வாக இருக்கட்டும். அப்போதுதான் லேசாக மீறிய கோப்பு நிரல்வரை வந்து, தெளிவான தமிழில் பதில் பெறும். வீடியோ போன்ற மிகப் பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். இணைப்பு அறுந்தாலும் விட்ட துண்டிலிருந்து தொடரலாம்.