நிக்லாஸ் முஃபெல்

நிக்லாஸ் முஃபெல் 15ஆம் நூற்றாண்டில் செருமனியின் நியூரம்பெர்க் நகரை ஆண்ட நகரவையின் உறுப்பினர். நகரக் கருவூலத்தின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தவர். 1410ஆம் ஆண்டளவில் பிறந்த இவர், நகரப் பணத்தைக் கையாடிய குற்றத்திற்காக 1469 பிப்ரவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டார். நகரின் முதன்மையான குடும்பங்களுள் ஒன்றில் பிறந்து, முதன்மையான பதவியில் இருந்த ஒருவர் சாதாரணத் திருடனைப் போலத் தண்டிக்கப்பட்டதால் இந்நிகழ்வு அக்காலத்தில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. செருமானிய நகராட்சி வரலாற்றில் இன்றும் ஆராயப்படும் வழக்குகளுள் இதுவும் ஒன்று.

நகரவையின் அமைப்பு

நியூரம்பெர்க் ஒரு பேரரசு நகரம். அதற்கு மேல் எந்தச் சிற்றரசரும் இல்லை. புனித உரோமைப் பேரரசருக்கு மட்டுமே அது கட்டுப்பட்டது. வரி விதித்தல், நீதி வழங்குதல், போர் நடத்துதல் என அனைத்தையும் நகரவையே செய்தது. இந்த அவையில் 42 பேர் இருந்தனர். அவர்களில் 34 பேர் வணிகத்தாலும் நிலத்தாலும் செல்வம் சேர்த்த சில பெருங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எஞ்சிய 8 பேர் கைவினைஞர்களின் சார்பில் அமர்ந்தனர். அவர்களுக்கு உண்மையான அதிகாரம் குறைவு. 1348-49இல் நடந்த கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், கைவினைஞர்கள் தங்களுக்கெனத் தன்னாட்சி உடைய சங்கங்களை அமைத்துக்கொள்ள அனுமதிக்கப்படவில்லை.

பெருங்குடி உறுப்பினர்களுள் 26 பேர் மேயர்கள் எனப்பட்டனர். மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் இணைந்து நான்கு வாரங்கள் அன்றாட நிர்வாகத்தை நடத்துவர். பின்னர் அடுத்த இருவர் பொறுப்பேற்பர். இவ்வாறு ஓராண்டில் 13 இணைகள் மாறி மாறி ஆண்டன. ஆனால் முக்கிய முடிவுகளை 'மூத்தோர்' எனப்பட்ட ஏழு பேர் கொண்ட சிறு குழுவே எடுத்தது. அந்த ஏழு பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இருவர் 'லோசுங்கர்' எனப்பட்டனர். இவர்களே கருவூலத்தின் பொறுப்பாளர்கள்.

கருவூலமும் இரகசியமும்

'லோசுங்' என்பது நியூரம்பெர்க் குடிமக்கள் செலுத்திய சொத்து வரி. ஒவ்வொருவரும் சத்தியம் செய்து, தமது சொத்துக்கு உரிய வரியைத் தாமே கணக்கிட்டுச் செலுத்தினர். குடிமகனின் வாக்கை நகரம் நம்பியது. அதுபோலவே, அந்தப் பணத்தைக் காப்பவர்களையும் நம்பியது. நகரத்தின் மொத்த வருவாய் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பது லோசுங்கர்களுக்கும் மூத்தோருக்கும் மட்டுமே முழுமையாகத் தெரிந்தது. நகரின் செல்வநிலை பகை அரசர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது இதற்கு ஒரு காரணம். பிராண்டன்பர்க் சிற்றரசர் ஆல்பிரெக்ட் அக்கிலீசுடன் 1449-50இல் நடந்த போர் இந்த அச்சத்தை வலுப்படுத்தியது. ஆனால் எதிரியிடமிருந்து காத்த அதே இரகசியம், உள்ளே இருப்பவர் தவறு செய்தால் அதை எளிதில் கண்டறிய முடியாதபடியும் செய்தது.

வாழ்க்கையும் உயர்வும்

முஃபெல் 1430களில் நகரவையில் நுழைந்து படிப்படியாக உயர்ந்தார். பேரரசின் மணிமுடி, செங்கோல் முதலிய ஆட்சிச் சின்னங்கள் 1424 முதல் நியூரம்பெர்க்கில் பாதுகாக்கப்பட்டு வந்தன. 1452 மார்ச் 19 அன்று உரோமையில் மூன்றாம் பிரெடரிக்கிற்குத் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் பேரரசராக முடிசூட்டியபோது, அச்சின்னங்களை அங்குக் கொண்டுசென்ற நகரத் தூதர்களுள் முஃபெலும் இருந்தார். ஒரு நகரவை உறுப்பினர் அடையக்கூடிய மிகப்பெரிய பெருமைகளுள் இது ஒன்று. உரோமையில் கண்ட தேவாலயங்களையும் புனிதப் பொருள்களையும் பற்றி அவர் செருமன் மொழியில் எழுதிய விவரிப்பு இன்றும் கிடைக்கிறது.

புனிதர்களின் திருப்பண்டங்களைச் சேகரிப்பதில் முஃபெலுக்குப் பேரார்வம் இருந்தது. 1468இல் தம் பிள்ளைகளுக்காக எழுதிய நினைவேட்டில், அதுவரை 308 திருப்பண்டங்களைச் சேர்த்திருப்பதாக அவர் குறிப்பிட்டார். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். திருப்பண்டங்கள் ஆன்ம மீட்புக்கு உதவும் என்பது அக்கால நம்பிக்கை; அவை குடும்பத்தின் மதிப்பையும் உயர்த்தின.

கைதும் தண்டனையும்

நினைவேடு எழுதப்பட்ட அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே முஃபெல் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் கருவூலத் தலைவராக இருந்தார். அவர் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு, கருவூல அறையிலிருந்து நகரப் பணத்தை எடுத்தார் என்பது. நகரவையின் இரகசியங்களை வெளியே கசியவிட்டார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அவருடன் ஒரே அவையில் அமர்ந்திருந்தவர்களே அவரை விசாரித்தனர், தீர்ப்பளித்தவர்களும் அவர்களே. முறையீடு செய்ய வேறு மன்றம் ஏதும் நகரில் இல்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று. ஆனால் கொடிய குற்ற வழக்குகளில் சித்திரவதை மூலம் ஒப்புதல் பெறுவது அக்கால நீதிமுறையில் வழக்கம் என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தண்டனையின் வகையும் பொருள் உடையது. இடைக்காலச் செருமனியில் மதிப்புள்ளோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டால் வாளால் தலை வெட்டப்படுவதே வழக்கம். தூக்குமரம் திருடர்களுக்கு உரியது. அது குடும்பத்திற்கே இழிவாகக் கருதப்பட்டது. முஃபெலுக்கு அந்த இழிவே விதிக்கப்பட்டது.

வரலாற்று மதிப்பீடு

இவ்வழக்கை இரு வகையாகப் பார்க்கலாம். பதவியும் குலமும் பாராமல் நகரவை தன் உறுப்பினரையே தண்டித்தது என்பது ஒரு பார்வை. குடிமக்கள் சத்தியத்தின் பேரில் கொடுத்த பணத்தில் கைவைத்தவரை விட்டுவிட்டால், வரி முறையின் அடிப்படையே தகர்ந்துவிடும். பெருங்குடிக் குடும்பங்களுக்கிடையிலான போட்டியும் இத்தீர்ப்பின் கடுமைக்குக் காரணம் என்பது மற்றொரு பார்வை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. உண்மையான குற்றம் ஒன்று, எதிரிகளுக்குக் கிடைத்த வாய்ப்பாகவும் அமைந்திருக்கலாம்.

முஃபெலின் வீழ்ச்சிக்குப் பின்னும் நகரின் ஆட்சி அதே குடும்பங்களின் கையிலேயே இருந்தது. முஃபெல் குடும்பமும் நிரந்தரமாக ஒதுக்கப்படவில்லை. அக்குடும்பத்தில் 1471இல் பிறந்த யாக்கோப் முஃபெல் பின்னாளில் நகரவை உறுப்பினராகவும் மேயராகவும் இருந்தார். புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1526இல் வரைந்த அவரது உருவப்படம் தற்போது பெர்லினில் உள்ளது.