பழைய சாலை வழியே மரத்தாண்டவர் சன்னிதிக்கு

பகாங் மாநிலம் மாரானில் கோயில் கொண்டருளும் ஸ்ரீ மரத்தாண்டவர், சாலை போட வந்தவர்களுக்குக் காட்சி தந்த தெய்வம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அடர்ந்த காட்டை வெட்டிச் சாலை அமைத்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஒரு மரத்தின் மீது கோடரியைப் பாய்ச்சியபோது, வெட்டிய இடத்திலிருந்து குருதி பெருகியது என்றும், அவர்களுள் ஒருவருக்கு அருள் வந்து, இது முருகப் பெருமான் உறையும் மரம் என்று உரைத்தார் என்றும் தலவரலாறு கூறுகிறது. வேலையை மேற்பார்த்த வெள்ளைக்காரத் துரை முதலில் நம்ப மறுத்தார். பின்னர் மனம் மாறி, மரத்தை விட்டுவிட்டுச் சாலையை விலக்கிப் போடச் செய்தார் என்பது அவ்வரலாற்றின் தொடர்ச்சி. மரத்து ஆண்டவரே மரத்தாண்டவர் ஆனார். நாட்டில் முருகன் ஆலயங்கள் பல உண்டு; சாலையே வளைந்து வழிவிட்ட வரலாறு இத்தலத்திற்கு உரியது.

ஆனால் இன்று அச்சன்னிதிக்குச் செல்லும் அன்பர்களில் பெரும்பாலோர் சாலையைப் பார்ப்பதே இல்லை. பங்குனி உத்திரத்திற்கு முந்தைய இரவில் பேருந்து ஏறி, உறங்கி, விடியும் வேளையில் காவடிக் கூட்டத்தின் நடுவே கண் விழிக்கிறார்கள். காராக்கிலிருந்து குவாந்தான் வரையிலான கிழக்குக் கரை நெடுஞ்சாலை 2004-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னர் பயண நேரம் மேலும் குறைந்துவிட்டது. குடும்பத்தோடும் பால்குடத்தோடும் செல்பவர்களுக்கு அது பெரும் வசதி. அதில் குறை காண்பதற்கு ஏதுமில்லை.

இவர்களைத் தவிர வேறொரு வகைப் பக்தர்களும் அண்மைக் காலமாக மாரானுக்கு வருகிறார்கள். சனி, ஞாயிறோடு திங்களும் விடுமுறையாக அமைந்துவிட்டால் போதும். வெள்ளிக்கிழமை இரவு தேநீர்க் கடையில் பேச்சு எழும். மறுநாள் காலையில் மோட்டார்சைக்கிள்கள் புறப்பட்டுவிடும். விரதமில்லை, மஞ்சள் ஆடையில்லை, முன்னேற்பாடு எதுவுமில்லை. விரைவுச்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் இவர்கள் அதை விட்டுவிட்டு, கோம்பாக்கிலிருந்து மலையேறிப் பெந்தோங் செல்லும் பழைய சாலையையே நாடுகிறார்கள். காற்று வாங்கப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவதாகப் பேர் பண்ணுகிறார்கள் என்று ஆலய வட்டாரங்களில் பெரியவர்கள் முணுமுணுப்பதுண்டு. அந்த முணுமுணுப்பு எல்லார்க்கும் பொருந்தாது என்பதற்குச் செந்தூலைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும் மேற்கொண்ட பயணமே சான்று.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 16, மலேசிய தினம், திங்கட்கிழமையில் வந்தது. மகன் கிடங்கு ஒன்றில் வேலை பார்ப்பவர். சொத்தென்று சொல்லிக்கொள்ள ஒரு கப்சாய் மோட்டார்சைக்கிள். வெள்ளிக்கிழமை இரவு உணவின்போது, நாளைக் காலை பழைய சாலையில் மாரான் வரை போய் வரலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த தந்தை, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நானும் வர்றேன்பா" என்றார்.

தந்தை பொதுப்பணித் துறையில் சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் பெந்தோங் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் தங்கி, லெந்தாங் வரையிலான சாலை ஓரத்தில் புல் வெட்டியும் சாக்கடை தூர் வாரியும் குழி அடைத்தும் காலம் கழித்தவர். காராக் நெடுஞ்சாலை 1970-களின் பிற்பகுதியில் திறந்த பிறகு பழைய சாலை மெல்ல வெறிச்சோடியதைக் கண்ணால் கண்டவர். மனைவி இருந்தவரை ஆண்டுதோறும் பேருந்தில் பங்குனி உத்திரத்திற்குச் சென்றுவந்தார். முழங்கால் வலி வந்த பின்னர் வரிசையில் மணிக்கணக்கில் நிற்க முடியவில்லை. மூன்று ஆண்டுகளாக மரத்தாண்டவரைத் தரிசிக்கவில்லை. கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளே இனித் தமக்குரிய நாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை மகனிடம் கேட்க மனம் வரவில்லை.

மகன் தயங்கினார். அத்தயக்கம் நியாயமானதே. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளோட்டிகளும் அவர்களின் பின்னால் அமர்ந்து செல்வோரும்தான். இருநூறு கிலோமீட்டர் தூரம், மலைச் சாலை, முழங்கால் வலியுள்ள முதியவர். வாடகைக்குக் கார் எடுக்கலாமே என்றார். "கார்ல போனா சாலை தெரியுமா?" என்று தந்தை கேட்டுவிட்டார்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கே புறப்பட வேண்டும் என்பது திட்டம். குளித்துத் திருநீறு அணிந்து வெளியே வந்த தந்தை, கைவிளக்கை அடித்துப் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டயரின் கோடுகள் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன. "இந்தச் சக்கரத்தோட மலை ஏற வேணாம்பா. நிழல் விழுற திருப்பத்துல பாசி இருக்கும், இலைக் குப்பை இருக்கும்" என்று சொல்லித் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டார். மகனுக்குச் சினம். பட்டறை திறக்க ஒன்பது மணி ஆகும். ஆயினும் காத்திருந்தார்கள். டயர் மாற்றி, சங்கிலியை இறுக்கி, பிரேக்கைச் சரிபார்த்துக் கிளம்பியபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. சாலையில் வாழ்ந்தவர்களுக்குப் பிள்ளையார் சுழி என்பது இதுதான் போலும்.

கோம்பாக் பட்டணத்து ஆரவாரம் சிறிது தூரத்திலேயே அடங்கிவிடுகிறது. ஆறு ஒரு பக்கம், மலைச் சரிவு மறுபக்கம். ஓராங் அஸ்லி மக்களுக்கான மருத்துவமனையைத் தந்தை இன்றும் பன்னிரண்டாம் கட்டை என்றே குறிப்பிட்டார். அவருக்குக் கிலோமீட்டர் கணக்கு மனத்தில் ஒட்டியதே இல்லை. அதற்கு அப்பால் மரங்கள் இருபுறமும் உயர்ந்து மேலே கை கோத்துக்கொள்கின்றன. வெயில் காசு காசாய்ச் சிதறி விழுகிறது. திருப்பத்துக்குப் பின் திருப்பம். எதிரே சைக்கிளோட்டிகள் இறங்கி வருகிறார்கள். காட்டின் உள்ளிருந்து சியாமாங் குரங்குகளின் கூவல் எழுந்து மலைக்கு மலை எதிரொலிக்கிறது. விரைவுச்சாலையில் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்பவர்களுக்கு இவ்வொலி எட்டுவதில்லை.

கெந்திங் செம்பா உச்சியில் இறங்கிக் கால்களை நீட்டிக்கொண்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துவது என்பது இருவருக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம். ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பது அங்கிருந்து கீழ்நோக்கிச் செல்லும்போது புரிந்தது. பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்து, இயந்திரத்தின் இழுப்பிலேயே வண்டியை அடக்கி, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதை மகனுக்குத் தந்தை சொல்லித் தரவில்லை. திருப்பம் வருமுன் தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். எந்த வளைவு எவ்வளவு குறுகலானது என்பது அவர் உடம்பில் பதிந்திருந்தது.

லெந்தாங்கைக் கடந்த பிறகு ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலைக்கு அடியில் ஓடைநீர் பாயும் சிறு மதகு. அதன் அருகே, பெரிய மரம் ஒன்றின் வேரடியில், முழங்கால் உயரக் கல். சாலை வேலைக்கு வரும்போது தொழிலாளர்கள் கற்பூரம் ஏற்றிவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுக்கும் இடம் அது. முனீஸ்வரர் என்பார் சிலர். சாமி என்று மட்டும் சொல்வோர் பலர். மலாயாவின் தோட்டங்களிலும் சாலைகளிலும் இரயில் பாதைகளிலும் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதற்காகவே 1907-ஆம் ஆண்டில் தமிழ்க் குடியேற்ற நிதி என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அந்நிதியின் கணக்கேடுகளில் இத்தகைய கற்களுக்கு இடமிருந்திருக்காது. ஆனால் வந்தவர்கள் எங்கே மண் வெட்டினார்களோ அங்கே ஒரு கல்லையும் நட்டார்கள். மாரானில் மரம் ஆலயமாயிற்று. மற்ற இடங்களில் கல் கல்லாகவே நின்றுவிட்டது.

கல் காட்டுக்குள் மறைந்து போயிருக்கும் என்றுதான் தந்தை எண்ணியிருந்தார். இலைகளை விலக்கிப் பார்த்தபோது, அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தன. பக்கத்தில் செம்பருத்திப் பூ ஒன்று, அன்று காலையில் வைத்தது. லயம் கலைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்று; அக்கம்பக்கத்தில் வீடும் இல்லை. யார் வைத்தார்கள்? லோரி ஓட்டுநரோ, தோட்டத்துத் தொழிலாளியோ, தம்மைப் போலவே நினைத்த மாத்திரத்தில் கிளம்பி வந்த வேறு எவரோ. பெரியவர் சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து ஏற்றினார். மாரானுக்கென்று வாங்கிய கற்பூரம்தான்.

பெந்தோங்கில் சைவச் சாப்பாடு. காராக், லஞ்சாங், மெந்தகாப் என ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. மலை விலகிச் செம்பனைத் தோட்டங்கள் வந்தன. இப்பகுதி மலைச் சாலையைப்போல் மனத்தைக் கவர்வதில்லை. வெயில் சுடும், லோரிகள் உரசிச் செல்லும். தெமர்லோவில் பகாங் ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி இல்லாத காலையில் புறப்பட்டுப் பிற்பகல் மழைக்கு முன் சேர்ந்துவிடுவதே இப்பாதையின் சூட்சுமம். டயருக்காக இழந்த நான்கரை மணி நேரத்தின் விலையை இங்கே கொடுத்தார்கள். பேருந்து நிறுத்தம் ஒன்றில் ஒதுங்கி ஒரு மணி நேரம் நின்றபோது, தந்தை அந்த விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை.

ஆலயத்தை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. குழாயடியில் கைகால் கழுவி, பையில் மடித்து வைத்திருந்த வேட்டியை உடுத்திக்கொண்டார்கள். பங்குனி உத்திரத்தன்று கால் வைக்க இடமில்லாத அவ்வளாகத்தில் அன்று மாலை பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் இல்லை. தந்தை சன்னிதிக்கு நேர் எதிரே, தூணில் முதுகைச் சாய்த்துக் கால்களை ஒருபக்கமாக மடக்கி அமர்ந்தார். எழுந்திருங்கள் என்று சொல்வார் இல்லை. நகருங்கள் என்று தள்ளுவார் இல்லை. தீபாராதனை முடிந்து திருநீறு வழங்கிய பின்னும் அங்கேயே இருந்தார். மனைவியின் பெயருக்கு ஓர் அர்ச்சனை, பேரப்பிள்ளைகளின் பெயருக்கு ஓர் அர்ச்சனை. மூன்று ஆண்டுக் கணக்கை அன்று மாலை தீர்த்துக்கொண்டார் என்றே சொல்லலாம்.

திருவிழாவைச் சிறப்பாக நடத்தும் ஆலயப் பொறுப்பாளர்களும் புரவலர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. வரிசையில் நிற்க இயலாத முதியோர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். விழாக் காலத்தில் அவர்களுக்கென்று தனி வழி விடுவது ஒருபுறம் இருக்க, சாதாரண நாள்களில் இளைஞர்கள் தாமாகவே கிளம்பி வருவதைக் கேலி பேசாமல் வரவேற்றால், அவர்களில் சிலரேனும் அடுத்த முறை தனியே வராமல் வீட்டிலுள்ள பெரியவரையும் அழைத்து வருவார்கள். உடை மாற்ற ஓர் அறை, வண்டி நிறுத்த நிழலான ஓர் இடம், குடிக்கத் தண்ணீர் ஆகியவற்றுக்குப் பெரும் செலவில்லை. இரைச்சல் எழுப்பும் புகைக்குழாயோடு ஆலய வாசல் வரை வருவோரைக் கண்டிப்பதும் சரியே. அதை முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் செய்யலாம்.

அன்றிரவு மாரான் பட்டணத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை மீண்டும் சன்னிதிக்கு வந்தார்கள். அர்ச்சகர் கப்சாய் வண்டிக்குச் சந்தனப் பொட்டிட்டு, மாலை சூட்டி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்தார். புத்தம் புதிய பின் டயர் பழத்தை நசுக்கிக்கொண்டு உருண்டது.

திரும்பும் வழியில் லஞ்சாங்கைத் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் முழுவதும் கருமேகம் கவிந்திருந்தது. மழை பெய்த மறுகணத்தில் பழைய சாலை எப்படி இருக்கும் என்பது பெரியவருக்குத் தெரியும். காராக்கில் அவர் மகனின் தோளைத் தட்டி நெடுஞ்சாலைப் பக்கம் கையைக் காட்டினார். போகும்போது பார்த்தாயிற்று, வரும்போது வீடு சேர்ந்தால் போதும் என்பது அவர் கணக்கு. கெந்திங் செம்பா சுரங்கப் பாதைக்குள் நுழைகையில் அவர் ஏதோ சொன்னார். வாகனங்களின் இரைச்சலில் மகனுக்குக் கேட்கவில்லை. கோம்பாக் கட்டணச் சாவடியைக் கடந்து வண்டியை ஓரம் கட்டி என்ன என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அடுத்த முறை டயரை முந்தைய நாளே பார்த்துவிட வேண்டும் என்று சொன்னாராம்.